மீசை யாருடைய முடிவு?

ஒருவருடைய சம்மதமின்றி அவருக்கு மொட்டையடிப்பது மனித மாண்பைக் குலைக்கும் செயல் என்பதை இந்திய நாடாளுமன்றம் ஓரிரு ஆண்டு இடைவெளியில் இரண்டு சட்டங்களில், இரண்டு வெவ்வேறு மக்கட்பிரிவினரை மனத்தில் கொண்டு எழுதி வைத்தது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைகளைத் தடுக்கும் சட்டத்துக்கு 2015-இல் செய்யப்பட்ட திருத்தம், கட்டாயமாகத் தலையை மழிப்பதையும் மீசையை எடுப்பதையும் தண்டனைக்குரிய வன்கொடுமைகளின் வரிசையில் பெயர் சொல்லிச் சேர்த்தது. 2017-இல் இயற்றப்பட்டு அடுத்த ஆண்டு மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 20-ஆம் பிரிவு, மனநல நிலையங்களில் இருப்போரைக் கட்டாய மொட்டைக்கு உட்படுத்தக் கூடாது என்றும், விரும்பினால் அவர்கள் தம் சொந்த உடையையே உடுத்தலாம் என்றும் கூறியது. ஆனால் இந்த இரண்டாவது சட்டம், மனநோய் என்பதற்கு வரையறை தருமிடத்திலேயே அறிவு வளர்ச்சிக் குறைபாடு அதில் சேராது என்று விலக்கி வைத்துவிடுகிறது. அக்குறைபாடு உள்ளவர்களையும் உள்ளடக்கிய 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமோ, கொடுமையாகவும் இழிவாகவும் நடத்தப்படுவதிலிருந்து பாதுகாப்பு தரப்பட வேண்டும் என்று 6-ஆம் பிரிவில் பொதுவாகச் சொல்வதோடு நின்றுகொள்கிறது. தலைமுடி, தாடி, மீசை என்ற அளவுக்கு அது இறங்கி வரவில்லை. ஆக, மனநல நிலையத்தில் இருப்பவரின் தலைமுடிக்குக் கிடைத்துள்ள வெளிப்படையான சட்டக்காவல், அதே தெருவில் வேறோர் இல்லத்தில் தங்கியிருக்கும் அறிவுசார் குறைபாடுடைய நாற்பது வயது மனிதரின் தலைமுடிக்கு இல்லை.

அறிவுசார் குறைபாடு என்று இங்கே சொல்லப்படுவது, சிந்தித்தல், கற்றல், சிக்கலைத் தீர்த்தல் முதலிய அறிவுச் செயல்பாடுகளிலும், அன்றாடம் புழங்குவதற்கு வேண்டிய திறன்களிலும் ஒருவர் குறிப்பிடத்தக்க அளவு பின்தங்கியிருக்கும் நிலையாகும். இது வளர்ச்சிப் பருவத்திலேயே தொடங்கி வாழ்நாள் முழுவதும் உடன்வருவது. எந்த வயதிலும் வந்து சிகிச்சையால் தணியக்கூடிய மனநோயிலிருந்து முற்றிலும் வேறானது. 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இவர்களை இந்தியாவில் சுமார் 15 லட்சம் பேர் என்றும் தமிழ்நாட்டில் சுமார் 1 லட்சம் பேர் என்றும் எண்ணியது. ஊர்ப்பேச்சில் இந்த இரு நிலைகளும் ஒன்றாகவே குழம்பிக் கிடக்கின்றன. அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்துக்குத் தென்கிழக்கே, இராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையிலுள்ள ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் தீயில் மாண்டபோது இந்த வட்டாரத்து மக்கள் கேட்டறிந்ததும் 'மனநிலை சரியில்லாதவர்கள்' என்ற ஒற்றைச் சொல்லைத்தான். அப்போது சங்கிலியைப் பற்றி நாடே பேசியது. சவரக்கத்தியையும் கத்திரிக்கோலையும் பற்றிப் பேச அன்று அவசியமும் நேர்ந்திருக்காது. எரிந்துபோன உடல்களுக்கு முன்னால் அது அற்பமான பேச்சாகப்பட்டிருக்கும்.

அது அற்பமான பேச்சன்று என்பதே இக்கட்டுரையின் வாதம். அறிவுசார் குறைபாடுடைய வயதுவந்த ஆண்களுக்கு முடிதிருத்தவும் முகச்சவரம் செய்யவும் அவ்வப்போது முகாம்கள் நடத்தப்படுகின்றன; சேவைச் சங்கங்களும் கல்லூரி மாணவர்களும் நல்லெண்ணத்தோடுதான் அவற்றை நடத்துகிறார்கள். ஆயினும் அவற்றில் பெரும்பாலானவை தூய்மைப் பணியின் மனநிலையோடு நடப்பதால், வந்தவர் ஆண்மகன் என்பதும், தன் முகம் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லத்தக்க வயதில் இருப்பவர் என்பதும் மறைந்துபோகின்றன.

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தின் வறண்ட நிலத்தில் அப்படியொரு முகாமுக்கான தேவை எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். அருப்புக்கோட்டை நெசவும் நூற்பாலையும் வளர்த்த நகரம்; அதைச் சுற்றித் திருச்சுழி, நரிக்குடி, காரியாபட்டி என்று விரியும் கிராமங்களோ வடகிழக்குப் பருவமழையையும் கண்மாயையும் நம்பிப் பருத்தியும் குதிரைவாலியும் மிளகாயும் விளைவிப்பவை; மழை பொய்த்த ஆண்டுகளில் சீமைக்கருவேல மரத்தை வெட்டிக் கரிமூட்டம் போட்டாவது பிழைப்பவை. அப்படியும் போதாதபோது ஆண்கள் திருப்பூருக்கும் கேரளத்துக்கும் வடநாட்டு நகரங்களுக்கும் போய்விடுகிறார்கள். வீட்டில் எஞ்சுவது வயதான தாயும், வளர்ந்துவிட்ட மகனும். தகப்பன் இருந்தவரை கண்மாய்க்கரைக்கோ அடிகுழாய்க்கோ கூட்டிப்போய்க் குளிப்பாட்டி, ஞாயிற்றுக்கிழமை தோறும் சவரமும் செய்துவிட்டிருப்பான். அவன் மறைந்தாலோ வெளியூர் போய்விட்டாலோ அந்த வேலையை எடுத்துச் செய்ய ஆளில்லை. முப்பது வயதுக்கு மேற்பட்ட மகனின் தாடையைப் பிடித்துப் பிளேடு வைக்கத் தாய்க்குக் கூச்சம், பயம், கை நடுக்கம் எல்லாம் சேர்ந்தே வரும். அக்குளையும் அதற்குக் கீழேயும் பற்றிய பேச்சே வீட்டில் எழாது.

முன்பு இந்த இடைவெளியை ஊர்க் குடிமகன் நிரப்பினார். தென்மாவட்டங்களில் குடிமகன் என்பது ஊர் வீடுகளுக்கு முறைவைத்து வந்து முடிவெட்டிச் சவரம் செய்து, கல்யாணம், கருமாதிகளில் தமக்குரிய காரியங்களைச் செய்து, அறுவடைக் காலத்தில் களத்துமேட்டில் தானியமாகக் கூலி பெற்றுவந்த முடிதிருத்துநரைக் குறிக்கும் பெயராகும். சாதிப் படிநிலையின் கொடுமை அந்த ஏற்பாட்டில் முழுக்கவே இருந்தது என்பதால் அதன் மறைவுக்கு யாரும் வருந்த வேண்டியதில்லை. எனினும், வீட்டுத் திண்ணைக்கே வந்து, பிறந்தது முதல் தெரிந்த ஒருவனின் கழுத்தைப் பதமாகத் திருப்பி, அவன் அடம்பிடித்தால் நாளை வருகிறேன் என்று சொல்லிப்போன கை ஒன்று அதோடு சேர்ந்து போய்விட்டது. இன்று சலூன் நகரத்திலோ பெரிய கிராமத்தின் பேருந்து நிறுத்தத்திலோ இருக்கிறது. அங்கே நாற்காலி சுழல்கிறது, டிரிம்மர் இரைகிறது, தொலைக்காட்சி அலறுகிறது, காத்திருப்போர் கண்கள் எல்லாம் புதிதாக நுழைபவர்மேல் விழுகின்றன. பள்ளி வயதில் வட்டார வள மையத்துச் சிறப்புப் பயிற்றுநரின் கவனத்தில் இருந்த பிள்ளை, வயதுவந்ததும் அந்தப் பட்டியலிலிருந்து நீங்கிவிடுகிறான். அதன்பின் அரசின் பதிவேட்டில் அவன் பெயரால் எஞ்சுவது பெரும்பாலும் மாதந்தோறும் வரும் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை ஒன்றுதான்.

இவ்வட்டாரத்தில் மீசைக்குள்ள மதிப்பை வெளியூரார்க்கு விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கலாம், உள்ளூரார்க்கு வேண்டாம். அரும்பு மீசையைத் தடவிப் பார்ப்பதும், முறுக்கி விடுவதும், தகப்பன் இறந்த துக்கத்தில் அதை எடுப்பதும், எடுத்தது மறுபடி வளரும்வரை அந்தத் துக்கம் முகத்தில் தெரிவதும் இங்குள்ள ஆண்களின் வாழ்க்கையில் பொருளுள்ள நிகழ்வுகள். சாதி ஆதிக்கம் ஒருவரை அவமானப்படுத்த நினைத்தபோதெல்லாம் மீசையைத்தான் குறிவைத்தது என்பதாலேயே சட்டத்தில் அந்தச் சொல் இடம்பெற்றது. அப்படிப்பட்ட மண்ணில், சோறு ஒட்டுகிறது, எச்சில் படிகிறது என்ற காரணங்களைச் சொல்லி, அறிவுசார் குறைபாடுடைய ஒருவரின் மீசையை வாரந்தோறும் ஒரு வார்த்தை கேட்காமல் வழித்துவிடுவது யாருக்கும் உறுத்துவதில்லை. தகப்பனின் காரியத்தன்று கூட்டத்தோடு கூட்டமாக அவரையும் உட்காரவைத்து மழித்துவிட்டு, அப்பா இறந்துவிட்டார் என்பதை மட்டும் சொல்லாமல் விட்டுவிடுகிற குடும்பங்களும் உண்டு. அவருக்கு என்ன புரியப்போகிறது என்பதே அதற்குச் சொல்லப்படும் நியாயம். இருக்கன்குடி மாரியம்மனுக்கு அவர் பெயரில் முடிக்காணிக்கை நேர்ந்துகொள்வதும் அன்பினால்தான். அந்த அன்பிலும் கேட்கும் வழக்கம் இல்லை என்பதுதான் குறை.

இதற்கு மாறாக, சிறைக் கைதிகளின் நிலையை ஒப்பிட்டுப் பார்ப்பது வியப்பளிக்கும். ஐக்கிய நாடுகள் அவை 2015 டிசம்பரில் ஏற்றுக்கொண்ட, நெல்சன் மண்டேலா விதிகள் என்று வழங்கும் கைதிகள் நடத்துமுறைக் குறைந்தபட்ச விதிகளில் 18-ஆவது விதி, கைதிகள் தம் சுயமரியாதைக்குப் பொருந்திய தோற்றத்தோடு இருக்கும்படி தலைமுடியையும் தாடியையும் பேணும் வசதிகள் தரப்பட வேண்டும் என்றும், ஆண்கள் ஒழுங்காகச் சவரம் செய்துகொள்ள இயல வேண்டும் என்றும் கூறுகிறது. சவரத்தைச் சுகாதாரத்தோடு மட்டும் நிறுத்தாமல் சுயமரியாதையோடு இணைத்துப் பேசும் அந்த வாக்கியம், குற்றமெதுவும் செய்யாமல் இல்லங்களில் வாழ்நாளைக் கழிப்போர்க்கும் பொருந்தும் என்று வாதிடப் பெரிய சட்ட அறிவு தேவையில்லை.

வழக்கமான முகாமில் நடப்பது இதுதான்: மண்டபத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் வரிசையாகப் போடப்படும், முடிதிருத்துநர்கள் மூன்று நான்கு பேர் காலை முழுவதும் இலவசமாக உழைப்பார்கள், எல்லார் தலையிலும் ஒரே அளவு மெஷின் ஓடும், மீசை, கிருதா எல்லாம் ஒரேயடியாகப் போகும், முன்னும் பின்னும் படம் எடுக்கப்படும், மதியம் பிரியாணி. கண்ணாடி மட்டும் அநேகமாக இருக்காது. தமக்கு என்ன செய்யப்படுகிறது என்பதைப் பார்க்க வழியில்லாமல் ஒரு மனிதர் முடிவெட்டிக்கொள்ளும் இடம் இதைத் தவிர வேறெங்கும் இருப்பதாகத் தெரியவில்லை. படமெடுப்பவர் கையிலுள்ள கைபேசியில்தான் அவர் தம் புதிய முகத்தை முதன்முதலாகப் பார்க்கிறார், அதுவும் யாராவது காட்டினால்.

இதைத் திருத்துவதற்கு வெளிநாட்டு முறைகளைத் தேடிப் போக வேண்டிய கட்டாயமில்லை. சென்னையில் ஜெயச்சந்திரன், விமலா என்னும் இரு கல்வியாளர்கள் 1970-களில் உருவாக்கிய 'மெட்ராஸ் டெவலப்மென்டல் புரோகிராமிங் சிஸ்டம்' என்ற மதிப்பீட்டு முறை, அறிவுசார் குறைபாடுடையோரின் அன்றாடத் திறன்களை 18 துறைகளாகப் பகுத்து, துறைக்கு 20 வீதம் 360 கூறுகளாக வரிசைப்படுத்தியது. உண்ணல், உடுத்தல், கழிப்பறைப் பழக்கம் முதலியவற்றோடு தன் தோற்றத்தைப் பேணுதலும் அதில் தனியொரு துறை. ஒருவரால் என்ன முடியாது என்று பட்டியலிடாமல், என்ன செய்கிறார், அடுத்து எதைக் கற்கலாம் என்று கேட்பதே அதன் சிறப்பு. பணம், நேரம், ஊரில் புழங்குதல் ஆகியவையும் அந்த 18-இல் அடங்கும் என்பதால், சலூனுக்கு ஒருமுறை போய்வருவது பாடத்திட்டத்தின் நான்கைந்து துறைகளை ஒரே காலைப்பொழுதில் தொட்டுவிடும். இந்தியச் சிறப்புப் பள்ளிகளில் பரவலாகப் பயன்பட்ட ஒரு கருவி நம் தலைநகரில் பிறந்தது என்பதைத் தமிழ்நாட்டிலேயே பலர் அறியாதிருப்பது ஒரு விசித்திரம்.

அம்முறையோடு இணைத்துச் சொல்லத்தக்கது பணிப் பகுப்பாய்வு. ஒரு வேலையைச் சிறுசிறு படிகளாக உடைத்து ஒவ்வொன்றாகப் பழக்குவதற்கு அப்பெயர். அமெரிக்கச் சிறப்புக் கல்வியாளர் மார்க் கோல்ட் 1970-களில், கடுமையான அறிவுசார் குறைபாடுடையவர்கள் சைக்கிள் பிரேக்கின் உறுப்புகளைப் பிழையின்றிக் கோக்கக் கற்றுக்கொள்வதை இந்த வழியில்தான் காட்டினார். கற்பவர் தோற்றால் கற்பிப்பவர் வேறு வழியைத் தேட வேண்டும் என்பது அவருடைய கட்சி. முகச்சவரத்தை இப்படி உடைத்தால் முகத்தை நனைத்தல், கிரீம் தடவுதல், பிரஷ்ஷால் நுரைக்க வைத்தல், கன்னத்தைக் காற்றடைத்து உப்புதல், மேலிருந்து கீழே இழுத்தல், மேலுதட்டை இறுக்கிப் பிடித்தல், கழுவுதல், துடைத்தல் என்று பதினைந்து இருபது படிகள் வரும். இதைக் கடைசிப் படியிலிருந்து தொடங்கிப் பழக்குவது பயன் தரும் என்பது பயிற்றுநர்களின் அனுபவம்: முதல் வாரத்தில் மற்ற எல்லாவற்றையும் துணையாளர் செய்துவிட்டு, துண்டால் முகத்தைத் துடைத்துக் கண்ணாடியில் பார்ப்பதை மட்டும் அவரிடம் விட்டுவிட வேண்டும். வேலை முடிந்த நிறைவு ஒவ்வொரு முறையும் அவர் கையிலேயே கிடைப்பதால், அடுத்த வாரம் கழுவுவதையும் சேர்த்துக்கொள்வார். சிலர் ஓராண்டில் பிளேடு வரை வருவார்கள். சிலர் நுரையோடு நின்றுவிடுவார்கள். நுரை தடவுவதையே தம் வேலையாகக் கொண்டு, அதை வேறெவரும் தொட விடாதவரும் தம் சவரத்தின் ஒரு பகுதிக்கு உரிமையாளர்தான்.

நிகழ்வு நடக்கும் நாளில் கவனிக்க வேண்டியவற்றுள் பல, முடிதிருத்துநர்க்குப் பழக்கமான கைகளைக் கொஞ்சம் அடக்கச் சொல்பவை. முடிவெட்டி முடித்ததும் தலையை இரு கைகளாலும் பற்றிக் கழுத்தைச் சொடுக்கெடுப்பது நம் சலூன்களில் உபசாரமாகவே கருதப்படுகிறது. 21-ஆவது குரோமோசோம் கூடுதலாக இருப்பதால் வரும் டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களில் சிலருக்கு, கழுத்தின் முதலிரண்டு எலும்புகளையும் பிணைக்கும் தசைநார் தளர்ந்திருக்கும். அவர்களுக்கு அந்தச் சொடுக்கு தண்டுவடத்தை நசுக்கிவிடக்கூடும். சவரத்துக்காகத் தலையைப் பின்னால் அதிகம் சாய்ப்பதும் அவர்களுக்கு ஆகாது. அறிவுசார் குறைபாடுடையோரில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு வலிப்பு நோயும் இருப்பதாக ஆய்வுகள் காட்டுவதால், திறந்த கத்தியைத் தவிர்த்து டிரிம்மரையோ காப்புள்ள ரேசரையோ பயன்படுத்துவதே அறிவு. வலிப்புக்குத் தரப்படும் சோடியம் வால்ப்ரோயேட் மருந்து சிலருக்கு இரத்தத் தட்டணுக்களைக் குறைத்துவிடுவதால் சிறு கீறலிலிருந்தும் இரத்தம் நிற்காமல் கசியலாம். அதே மருந்தால் முடி மெலிந்து உதிர்வதும் உண்டு. ஃபெனிடாயின் நெடுங்காலம் உட்கொண்டவர்களுக்கு ஈறு தடித்துப் பல்லை மூடியிருக்கும். மேலுதட்டை அழுத்தினால் வலிக்கும். அந்த வலியைச் சொல்லத் தெரியாதவர் கையைத் தட்டிவிடுவார், முரடர் என்று பெயரெடுப்பார். ஆகவே நாற்காலியில் உட்காரும் முன் அவர் சாப்பிடும் மாத்திரை அட்டையை ஒருவர் பார்த்துவிடுவது நல்லது.

படிகாரக் கல்லும் இதே வகைதான். சவரம் முடிந்ததும் ஒரே கல்லை நனைத்து எல்லார் கன்னத்திலும் தேய்க்கும் பழக்கம் மஞ்சள்காமாலையின் 'பி', 'சி' வகைக் கிருமிகள் ஒருவரிடமிருந்து மற்றவர்க்குப் போக வழி திறக்கிறது. புதுப் பிளேடு போட்டுவிட்டோம் என்ற நிம்மதியில் அந்தக் கல்லை எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். குழாயில் பல நாட்களுக்கு ஒருமுறை தண்ணீர் வரும் ஊர்களில், துண்டுகளை ஆளுக்கொன்றாக வைத்துத் துவைப்பது எளிதன்று என்றாலும், படர்தாமரையும் சொறியும் கூட்டத்தில் பரவுவதைத் தடுக்க அதைவிட மலிவான வழியில்லை.

ஒலியும் தொடுகையும் இன்னொரு பெரிய பகுதி. டிரிம்மரின் இரைச்சல், கழுத்தில் இறுக்கிக் கட்டும் துணி, திடீரெனப் பீய்ச்சும் தண்ணீர், சட்டைக்குள் விழுந்து குத்தும் மயிர்த்துணுக்குகள் ஆகியவற்றை மற்றவர்கள் பொருட்படுத்துவதில்லை. புலனுணர்வு மிகுந்தவர்க்கு, குறிப்பாக ஆட்டிசமும் உடனிருப்பவர்க்கு, அவை தாங்க முடியாதவை. வேல்ஸ் நாட்டில் முடிதிருத்துநர் ஒருவர், நாற்காலியில் உட்கார மறுத்த ஆட்டிசச் சிறுவனுக்குத் தரையில் படுத்தபடியே முடிவெட்டிய படம் 2015-இல் உலகெங்கும் பரவியது. படுக்க வேண்டியதில்லை, டிரிம்மரை ஓடவிடாமல் அவர் கையில் கொடுத்து, பிறகு ஓடவிட்டுப் பிடிக்கச் சொல்லி, முன்னங்கையில் வைத்துக் காட்டி, அதன்பின் கன்னத்துக்குப் போனாலே பாதிப் போராட்டம் குறைந்துவிடும். இதற்கு ஒருநாள் முன்னதாகவே வெற்றுக் கடையில் வெறுமனே உட்கார்ந்துவிட்டு வருவதும் உதவும். நம் ஊரில் செவ்வாய்க்கிழமை பெரும்பாலான சலூன்களுக்கு விடுமுறை; கூட்டமும் தொலைக்காட்சியும் இல்லாத அந்த நாளின் ஒரு மணி நேரம், மண்டபத்து முகாம் பத்துக்குச் சமம்.

விருப்பத்தைக் கேட்பது எப்படி என்ற ஐயம் பெற்றோர்க்கு வரும். பேச்சு குறைவாக உள்ளவர்களிடம் மூன்று நான்கு படங்களை வைத்து, மீசையோடு, மீசையின்றி, ஒட்ட வெட்டிய தலை, வகிடெடுத்த தலை என்று தொட்டுக்காட்டச் செய்யலாம். கையை உயர்த்தினால் நிறுத்துவோம் என்று சொல்லிவிட்டு உண்மையாகவே நிறுத்தவும் வேண்டும். ஒருமுறை நிறுத்தாமல் விட்டால் அந்தச் சைகை செத்துப்போகும். கோடையில் மொட்டைதான் வேண்டும் என்று மொட்டைத்தலைப் படத்தைத் தொடுகிறவரும் இருப்பார். அவர் கேட்டதால் அதை அடித்துவிடலாம். தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்கீழ் மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழு தந்த பாதுகாவலர் சான்றிதழ் தம்மிடம் இருப்பதால் எல்லா முடிவும் தமக்கே உரியது என்று எண்ணும் குடும்பங்களுக்கு, 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 14-ஆவது பிரிவை நினைவூட்ட வேண்டும். பரஸ்பர நம்பிக்கையின் அடிப்படையில் இருவரும் கூடி முடிவெடுப்பதே அது சொல்லும் வரையறுக்கப்பட்ட பாதுகாவல். சொத்தை விற்பதில் கூடக் கூடி முடிவெடுக்கச் சொல்லும் சட்டம் மீசையில் மட்டும் விதிவிலக்குத் தந்திருக்காது.

ஆண்களுக்கென்று தனியாக இந்நிகழ்வை நடத்துவதில் இன்னொரு நன்மை உண்டு. இல்லங்களிலும் சிறப்புப் பள்ளிகளிலும் பணிபுரிவோர் பெரும்பாலும் பெண்களாதலால், அக்குள் முடி, வியர்வை நாற்றம், உள்ளாடை, முன்தோலைக் கழுவுதல் போன்றவற்றை நேராகப் பேசும் வாய்ப்பு ஆண்களுக்குக் கிடைப்பதேயில்லை. கதவடைத்த அறையில், வயதில் மூத்த ஆண் பணியாளர் ஒருவர் படங்களை வைத்து அவற்றைச் சொல்லிக்கொடுக்கலாம். அதே அறையில் வைத்து, உன் உடலில் எந்த இடத்தை யார் தொடலாம், யார் தொடக் கூடாது என்பதையும் சொல்லிவிட முடியும். தொட்டுத்தொட்டே பராமரிக்கப்படும் உடல், தவறான தொடுகையையும் பராமரிப்பென்றே எடுத்துக்கொள்ளும் ஆபத்தை அறிந்தவர்கள் இதை விட்டுவிட மாட்டார்கள்.

முடிதிருத்துநரைப் பற்றிச் சொல்லாமல் இப்பொருள் நிறைவு பெறாது. நட்சத்திர விடுதிச் சமையல் வேலையை விட்டுவிட்டு 2003-இல் மதுரையில் அட்சயா அறக்கட்டளையைத் தொடங்கிய நாராயணன் கிருஷ்ணன், தெருவில் ஆதரவற்றுக் கிடந்தவர்களுக்கு உணவு கொடுத்ததோடு, சீப்பும் கத்திரியும் சவரக்கத்தியும் எடுத்துப்போய்த் தாமே முடிவெட்டிச் சவரமும் செய்துவிட்டதற்காகப் பேசப்பட்டார். பிராமணர் ஒருவர் இதைச் செய்தார் என்பதே உலகச் செய்தியானது. அதே வேலையைத் தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்த மருத்துவர் சமூகத்தார் செய்தியாகவில்லை என்பதோடு, இன்றும் முகாம்களுக்கு அவர்கள் இலவசமாகவே அழைக்கப்படுகிறார்கள். மேடையில் பேசுகிறவருக்குப் பயணப்படி உண்டு. காலை முழுவதும் நின்று கை வலிக்க வெட்டுகிறவருக்கு ஒரு துண்டு. இந்த ஏற்பாட்டில் சேவை என்ற சொல் பழைய குடிமகன் முறையின் மறுபிறப்பாகிவிடுகிறது. கூலி கொடுக்கப்பட வேண்டும். முடியுமானால் அந்தக் கூலியை நாற்காலியிலிருந்து எழுந்தவரே தம் கையால் கொடுக்க வேண்டும், ஏனெனில் பணம் கொடுத்தவர் அடுத்த முறை வாடிக்கையாளராகவே வருவார். தலித் குடும்பத்து மனிதருக்கு உள்ளூர்ச் சலூனில் இடம் மறுக்கப்படும் ஊர்கள் இன்னமும் இருக்கக்கூடும் என்பதை ஏற்பாட்டாளர்கள் மறந்துவிடக் கூடாது. அங்கே வேறு கடை தேடிக்கொள்வது ஏற்பாட்டாளரின் வேலையாகாது, காவல் நிலையத்தில் சொல்வதே வேலை.

வேலை இல்லை, தண்ணீர் இல்லை, தாய்க்குப் பின் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்றிருக்கும் குடும்பத்திடம் போய் மீசையைப் பற்றிப் பேசுவது ஆடம்பரமில்லையா என்று கேட்பவர்கள் உண்டு, கேள்வி நியாயமானதே. அதற்குரிய விடையின் ஒரு பகுதி திருச்சுழியிலேயே கிடைக்கிறது. அவ்வூரில் 1879 டிசம்பர் 30 அன்று பிறந்த ரமண மகரிஷி, 1896-இல் திருவண்ணாமலை சேர்ந்தபின் நீண்ட காலம் உடலைப் பேணாமல், சடைபிடித்த முடியும் வளைந்து நீண்ட நகங்களுமாக இருந்தார். சிறுவர்கள் கல்லெறிந்தார்கள், சிலர் பைத்தியமென்றார்கள், சிலர் மகானென்று கண்டு சோறூட்டினார்கள். பேணப்படாத ஓர் உடலைப் பார்க்கும் ஊர், அதற்கு ஏதேனும் ஒரு பொருளைக் கொடுத்தே தீரும். ஆன்மிகம் என்ற பொருள் கிடைக்காத உடலுக்குக் கல்தான் கிடைக்கும். ஸ்வீடன் நாட்டு பெங்ட் நிர்யே 1969-இல் விளக்கிய, இயல்பாக்கம் என்று பெயர்பெற்ற கொள்கை, குறைபாடுடையோரின் நாளும் வாரமும் ஆண்டும் மற்றவர்களுடையதைப் போலவே ஓட வேண்டும் என்று கேட்டது. அதை வட அமெரிக்காவில் விரித்தெழுதிய வுல்ஃப் வுல்ஃபென்ஸ்பெர்கர், ஒருவரின் தோற்றம் அவரை மற்றவர்கள் எப்படி நடத்துவார்கள் என்பதை முன்கூட்டியே தீர்மானித்துவிடுகிறது என்று வற்புறுத்தினார். தோற்றத்துக்கு இவ்வளவு விலை வைக்கும் உலகத்தைத் திருத்துவதை விட்டுவிட்டு மனிதரைத் திருத்துவதா என்ற எதிர்வாதமும் வலுவுடையதுதான். ஆனால் உலகம் திருந்தும்வரை, டீக்கடையில் தம்மை 'டேய்' என்று கூப்பிடுவதும் 'அண்ணே' என்று கூப்பிடுவதும் பல நேரங்களில் சட்டையையும் முகத்தையும் பார்த்தே முடிவாகின்றன என்பதை அந்த மனிதர்கள் நன்றாகவே அறிந்திருக்கிறார்கள்.

அரசு செய்யக்கூடியது சிறிய வேலை. மாற்றுத்திறனாளிகளுக்காக அரசு சாராதோர் நடத்தும் இல்லங்கள் 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மாநில அதிகாரியிடம் பதிவுச் சான்றிதழ் பெற்றாக வேண்டும். மனநலச் சட்டத்தில் உள்ள கட்டாய மொட்டைத் தடையை அச்சான்றிதழின் நிபந்தனைகளில் ஒன்றாக அப்படியே எடுத்துச் சேர்த்துவிட்டால், நாடாளுமன்றத்துக்கு மறுபடி போகாமலேயே சட்டத்தின் இடைவெளியைத் தமிழ்நாடு தன்னளவில் அடைத்துவிடும். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் அருப்புக்கோட்டையில் ஒன்றும் திருச்சுழியில் ஒன்றுமாக இரண்டு சலூன்களைத் தேர்ந்து, முடிதிருத்துநர்களுக்கு அரைநாள் பயிற்சியும் செவ்வாய்க்கிழமை வேலைக்குரிய கூடுதல் கூலியும் கொடுத்து, மாதத்துக்கு இரண்டு முறை ஐந்தாறு பேராக அனுப்பிவைக்கலாம். அரசின் சாதாரண நகரப் பேருந்துகளில் மாற்றுத்திறனாளிகளுக்கும் உடன்வரும் துணையாளர் ஒருவர்க்கும் ஏற்கெனவே கட்டணமில்லை என்பதால், நரிக்குடிப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வருவோர்க்குச் செலவாகப்போவது சவரக் கூலியும் ஒரு டீயும்தான்.